ஜாகா மாத்தா ரெங்கசாமி

ரெங்கசாமி வாய்க்கு வந்தபடி புளுகுகிற ஆள் இல்லை. அவன் சொன்னது ஒரே ஒரு பொய்தான். ஆனால் அந்த ஒன்றைக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிக்கொண்டு வந்தான். செந்தூல் ரயில் பட்டறையில் கரண்டு வைத்து இரும்பைப் பத்தவைக்கிறவன் தான்தான் என்பது அந்தப் பொய்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அதை அப்படியே நம்பியது. அங்கே ரயில்வே கொடுத்த கோட்ரஸ் வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் வண்டி ஓட்டுகிறவர்கள், கொடி காட்டுகிறவர்கள், ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்கள். பட்டறைக்காரர்கள் செந்தூலோடு சரி. யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? ஆள் வேறு பார்க்க எடுப்பாக இருப்பான். முறுக்கின மீசை, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. "எங்க மாப்பிள்ளை நெருப்புல எழுதுறவரு" என்று மச்சான் இராமலிங்கம் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

உண்மையில் நெருப்பில் எழுதினவர் ஆ சோங் என்கிற சீனர். ரெங்கசாமி அவருடைய கைத்தாள், கூடமாட நிற்கிற எடுபிடி. ஆ சோங் பத்தவைக்கிற குச்சியை இரும்பில் உரசினால் கிளம்புகிற வெளிச்சம் இருக்கிறதே, அது சாதாரண வெளிச்சம் இல்லை. வெறுங்கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. பொழுது சாயும்போதுதான் வேலையைக் காட்டும். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி அறுக்கும், தண்ணீராய்க் கொட்டும், இமையைத் திறக்க முடியாது. அதனால் சுற்றிக் கித்தான் படுதா கட்டுவதும், குச்சி உரசுவதற்கு முன்னால் பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி "ஜாகா மாத்தா!" என்று குரல் கொடுப்பதும் ரெங்கசாமியின் வேலை. கண் பத்திரம் என்று அர்த்தம். மலாய்க்காரன், சீனன், தமிழன் எல்லாருக்கும் புரியவேண்டும் என்று மலாயில் வைத்திருந்தார்கள். ரெங்கசாமிக்குக் குரல் என்றால் அப்படியொரு குரல். அவன் கத்தினால் பாய்லர் தட்டுகிறவன்கூடச் சம்மட்டியை இறக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். பட்டறையில் அவனுக்கு ஜாகா மாத்தா ரெங்கசாமி என்றே பெயர். கூப்பிடும்போது அவனும் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்தால் அந்தப் பெயரை மூச்சு விடமாட்டான்.

ரப்பர் விலை விழுந்து, ஈயம் விழுந்து, பட்டறையிலும் ஆட்களை நிறுத்தினார்கள். கைத்தாள்தானே முதலில் போவான்? ரெங்கசாமி போனான். அன்றிலிருந்து, கோட்ரஸுக்குப் பக்கத்தில் இருந்த அவன் வீட்டு உலை கொதித்தது இராமலிங்கம் வீட்டு அரிசியில்தான். இராமலிங்கம் கோலாலம்பூர் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் பிரிகிற இடத்தில் விளக்கோடு நின்று லீவரை இழுத்து வண்டியை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பிவிடுகிற வேலை. ரெங்கசாமியின் பெண்சாதி பவுனம்மாள் அவருடைய தங்கச்சி. அவளுக்கு அரிசி கொண்டுவந்து கொடுக்கும்போதுகூட, "கோட்ரஸ்ல எலி தொல்லையா இருக்கு பவுனு, இங்க கொஞ்சம் வச்சிரு" என்று சொல்லித்தான் கொடுப்பார். அப்படிப்பட்ட மனுசன்.

இந்த நேரத்தில்தான் சாலாக் செலாத்தானில் ஒரு ஈயச் சுரங்கத்தை மூடினார்கள். அங்கே சின்னதாக ஒரு பத்தவைக்கிற மெசின் கிடப்பதாக ஆ சோங் வந்து சொன்னார். சுரங்கத்துப் பம்பு வீட்டைப் பிரித்து ஏற்றிக் கொடுத்தால் மெசினை எடுத்துக்கொள்ளலாம் என்றார் தவுக்கே, சுரங்கத்துச் சீன முதலாளி. ரெங்கசாமி வெயில், மழை பார்க்காமல் பிரித்துக் கொடுத்தான். ஒருநாள் மாட்டுவண்டியில் மெசின் வந்து இறங்கியது. அரிசி மூட்டை அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி. சூட்டைக் கூட்டிக் குறைக்க முன்பக்கம் ஒரு திருகு. கரண்டு ஓடுகிற, ரப்பர் தோல் போட்ட இரண்டு தடிக் கயிறு. ஆ சோங் தன் பழைய முகமூடியையும் கொடுத்தார். கறுப்புக் கண்ணாடி பதித்த முகமூடி, ஒன்றே ஒன்று.

வண்ணார் சந்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தான். அவன் மெசினை வைத்த அழகைச் சொல்லவேண்டும். இதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஐப்பசி அடைமழை வந்தால் கொட்டகை ஒழுகும் என்று செங்கல் அடுக்கி அதன்மேல் பெட்டியை ஏற்றினான். தான் நிற்கிற இடத்தில் காய்ந்த பலகை போட்டான். கரண்டு ஆபீஸ் ஆளைக் கூட்டி வந்து தனிச் சுவிட்சு வைத்து, பெட்டிக்குத் தரைக் கம்பி இறக்கினான். மூலையில் கிடந்த வைக்கோல், சாக்கு, மண்ணெண்ணெய் டின் எல்லாவற்றையும் வெளியே கடாசிவிட்டு ஒரு வாளி மணல் கொண்டுவந்து வைத்தான். கயிறு இரண்டையும் முழுக்கத் தடவிப் பார்த்து, தோல் உரிந்த இடத்தில் டேப்பு சுற்றினான். ஒரு கயிற்றின் முனையில் இருக்கிற கிளிப்பைத் துரு சுரண்டின இரும்பில்தான் கவ்வ வைக்கவேண்டும், தொளதொளவென்று இருந்தால் கிளிப்பே உருகிப்போகும் என்று பவுனம்மாளுக்கு விளக்கினான்.

"ஈரக் கையோட இந்தப் பக்கமே வராத. குச்சி மாத்தும்போதுகூடத் தோல் கையுறை போட்டுத்தான் தொடணும். புரியுதா?"

"புரியுது, புரியுது. இந்தப் படுதா எதுக்கு?"

அவன் கேட்டபடி சாக்குகளைச் சேர்த்து அவள்தான் பெரிய படுதாவாகத் தைத்திருந்தாள். தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் பொறி பட்டாலும் பற்றாது. எதற்கு என்று சொல்ல ரெங்கசாமி வாயைத் திறந்தான். கண்ணைப் பற்றிச் சொன்னால் படுதாக் கட்டுகிற ஆளைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். குரல் கொடுக்கிற ஆளைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். அப்படி அவனுக்குத் தோன்றியது. யார் கேட்டார்கள் அதையெல்லாம்? ஒருவரும் கேட்கவில்லை. மடியில் கனம், வேறென்ன.

"காத்து அடிக்காம இருக்க" என்றான்.

ஆயுத பூசை அன்றைக்கே மெசினுக்கும் முதல் பூசை என்று பவுனம்மாள் முடிவு செய்துவிட்டாள். கோட்ரஸ் சனம் முக்கால்வாசி வந்திருந்தது. மெசினுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. பொரி கடலை, சுண்டல், வாழைப்பழம். இராமலிங்கமும் அவர் பெண்சாதி மாரியாயியும் முன்னால் நின்றார்கள். மாரியாயி தன் வீட்டு இரும்பு முக்காலி அடுப்பைத் தூக்கி வந்திருந்தாள். ஒரு கால் உடைந்து வெகு நாளாகக் கல்லை முட்டுக் கொடுத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"மொத வேலை எங்க அடுப்புதான் அண்ணே. நல்லா நிக்கணும்."

"நின்னே தீரும் தங்கச்சி!"

இராமலிங்கத்துக்கு மறுநாள் காலை கண் பரீட்சை. வயசான ரயில்காரர்களுக்கு வருசா வருசம் உண்டு. தூரத்தில் விளக்கைக் காட்டுவார்கள். சிவப்பா, பச்சையா என்று தடுமாறாமல் சொல்லவேண்டும். தடுமாறினால் அவ்வளவுதான், வேலைக்கு உதவாது என்று எழுதிக் கோட்ரஸைக் காலி பண்ணச் சொல்லி நாகப்பட்டணத்துக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். அந்த வருசம் அப்படிப் போன குடும்பங்கள் எத்தனையோ. இராமலிங்கத்துக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? நின்று பார்க்க ஒரு குடிசை கிடையாது. மாரியாயி அவரை வெயிலில் விடாமல், தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை ஆக்கிப் போட்டு, கண்ணைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "நாளைக்குப் போயி பத்து மைல் தூரத்து வெளக்கக்கூடச் சொல்லிட்டு வந்துருவேன் மாப்பிள்ளை" என்று அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

வல்லிபுரம் கிராணியும் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில் ஆபீசில் பெரிய கிளார்க்கு, வெள்ளைக் கோட்டு. அவரைப் பார்த்ததும் ரெங்கசாமி மெசினுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நின்றான். ஒருதரம் அவர் கையில் கட்டுக் காகிதத்தோடு பட்டறைக்குள் வந்தபோது, ரெங்கசாமி போட்ட சத்தத்தில் காகிதமெல்லாம் சிதறிவிட்டது. கரி படிந்த முகத்தை அவர் அடையாளம் கண்டிருக்கவில்லை. ஆனால் குரல்? குரலை யார் மறப்பார்கள்?

"உதுதானோ தம்பி மிசின்? நல்லாயிருக்கு. எங்கை, கொளுத்திக் காட்டும் பாப்பம்" என்றார் கிராணி.

பூசணிக்காய் உடைத்துச் சூடம் காட்டியாயிற்று. "படுதாவை எடுங்கப்பா, ஒண்ணும் தெரியல" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். ரெங்கசாமி தன் கையாலேயே படுதாவை அவிழ்த்துச் சுருட்டி ஓரமாகப் போட்டான். கிளிப்பைக் கவ்வவைத்தான், பலகைமேல் ஏறினான், குச்சியை மாட்டினான். எல்லாம் சரி. ஒன்றுதான் பாக்கி. குரல் கொடுக்கவேண்டும். பத்தவைக்கிறவன் எங்காவது கத்துவானா? கைத்தாள்தான் கத்துவான். கத்தினால் கிராணி திரும்பிப் பார்ப்பார். அடடே நீரோ என்பார். மச்சான் பீற்றின பீற்றெல்லாம் இந்தக் கூட்டத்துக்கு நடுவில் நாறிப்போகும்.

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். கையால் காட்டியிருக்கலாம். முகமூடியைத் தன் முகத்தில் இறக்கிக்கொண்டு குச்சியை உரசினான்.

எண்ணெயில் வடை பொரிகிற மாதிரி சத்தம் எழும்பியது. கொட்டகை வெள்ளையாய் நின்றது. கறுப்புக் கண்ணாடிக்குள் அவனுக்கு ஒரு சின்னப் பச்சைப் பொட்டுதான் தெரிந்தது. அடுப்புக் காலும் வளையமும் அந்தப் பொட்டுக்குள் உருகி ஒன்றாயின. ஆ சோங்கின் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து வேலை அவனுக்கு வந்திருந்தது. குச்சி தீர்ந்ததும் முகமூடியைத் தூக்கினான்.

அத்தனை பேரும் கைகூப்பி நின்றார்கள். மாரியாயி வெளிச்சத்தை இரண்டு உள்ளங்கையிலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். சூடத்தை ஒற்றிக்கொள்வது போலவே. பவுனம்மாளும் அப்படியே. இராமலிங்கம் எல்லாரையும்விடப் பக்கத்தில் நின்று, கண்கொட்டாமல் பார்த்த சந்தோசத்தில், "அம்மாடி! சோதி மாதிரி இருக்கு மாப்பிள்ளை! இன்னொரு தரம்!" என்றார்.

முதல் தரத்துக்காவது ஏதாவது சாக்குச் சொல்லலாம். பதற்றம், மறதி என்று எதையாவது. இரண்டாம் தரத்துக்கு என்ன சொல்வது? கூப்பின கைகளைப் பார்த்த பிறகும், மச்சானின் விரிந்த கண்ணைப் பார்த்த பிறகும், ரெங்கசாமி முகமூடியை மறுபடி இறக்கினான். அந்தக் கூட்டத்தில் மூடின முகம் அவனுடையது ஒன்றுதான்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாயும்போது கோட்ரஸில் முதல் அலறல் கேட்டது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கத்தின. பவுனம்மாள் சோற்றுப் பானையை இறக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, கண்ணுக்குள்ள என்னமோ அறுக்குது. வெளக்கப் பாக்க முடியல. ஐயோ, மொளகாப்பொடி கிளகாப்பொடி பட்டிருச்சா?"

ரெங்கசாமி செம்பில் தண்ணீர் மொண்டு வந்தான். "கழுவு, தண்ணி ஊத்திக் கழுவு" என்றான்.

மாரியாயி வீட்டுக்கு ஓடினான். இராமலிங்கம் பாயில் குப்புறப் படுத்துக்கிடந்தார். மாரியாயி தட்டித் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் இமை இரண்டும் வீங்கியிருந்தன.

"யாரு? அண்ணனா? வந்தீங்களா சாமி. ஊரு பூரா கண்ணு வலி அண்ணே. பூசையில ஏதோ கொறை வச்சிட்டோம். ஆத்தா கோவிச்சுக்கிட்டா. ஒங்களுக்கு?"

"எனக்கு... ஒண்ணும் இல்ல."

"ஒங்களுக்கு ஒண்ணும் வராது. பூசை பண்ணின கையில்ல! ஒங்க ஒருத்தருக்காவது கண்ணத் தொறந்து வச்சாளே, அதுவே போதும். கோயில் பக்கம் நந்தியாவட்டைச் செடி இருக்கு. கொஞ்சம் பூப் பறிச்சாந்து குடுங்கண்ணே. இவருக்கு விடிஞ்சா பரீட்சை."

அவன் மழையில் போய்ப் பூப் பறித்தான். நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் ஊறப்போட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கண்ணில் ஒற்றினான். போன வீடெல்லாம் அவனை வாழ்த்தியது. நல்லா இருப்பே, ஒன் கை குளிரட்டும் என்று பார்க்க முடியாத கண்ணோடு சனங்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. இரண்டொரு நாளில் தானாக ஆறிவிடும் என்று அவனுக்குத் தெரியும். இருட்டறையில் படுத்து ஈரத்துணி போட்டால் போதும். பட்டறையில் எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறான். ஆனால் இராமலிங்கத்துக்கு இரண்டு நாள் எங்கே இருக்கிறது?

விடிந்ததும் இராமலிங்கம் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். கண்ணில் ஈரத்துணி.

"வராம இருந்தா பயந்துட்டான்னு எழுதிருவான். என்னைக் கூட்டிட்டுப் போ மாப்பிள்ளை. நல்ல கண்ணோட இருக்கிறது நீ ஒருத்தன்தான்."

ரெங்கசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வண்டி போகிற சடக்கு ஓரமாக நடந்தான். "இங்க காவா, பாத்து." "இங்க படி." அவர் நம்பி நம்பிக் கால் வைத்தார். கோப்பிக் கடையைத் தாண்டும்போது, "பசியாறினியா? ஒண்ணும் சாப்பிடாம ஓடியாந்திருப்ப" என்று கேட்டார். ரெங்கசாமிக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

வெள்ளைக்கார டாக்டர் துரையின் அறை வாசலில் வல்லிபுரம் கிராணி உட்கார்ந்திருந்தார். துரைக்கும் தமிழ் ஆட்களுக்கும் நடுவில் மொழிபெயர்க்கிறவர் அவர்தான். அவர் கண்ணும் கோவைப்பழம், கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன கோதாரியோ தெரியேல்லை, கண்ணுக்கை மண் கொட்டினமாதிரிக் கிடக்கு. ராத்திரி நித்திரையே கொள்ளேல்லை" என்றார்.

துரை இராமலிங்கத்தை உள்ளே கூப்பிட்டார். கிராணியும் கூடப் போக, ரெங்கசாமி வாசலில் நின்றான். விளக்கைக் காட்டினார். இராமலிங்கம் இமையை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். கன்னத்தில் தண்ணீர் ஓடியது. "பச்சை... இல்ல துரை, செவப்பு... கொஞ்சம் பொறுங்க துரை, தெரியும், எனக்குத் தெரியும்" என்றார். அந்தக் குரல் கெஞ்சுகிற குரல். இராமலிங்கம் கெஞ்சி ரெங்கசாமி கேட்டதே இல்லை. துரை பேனாவை எடுத்தார்.

"ஒட்டுவாரொட்டிக் கண் வருத்தம், பார்வையும் சரியில்லை, வேலைக்கு உதவார் எண்டு எழுதப் போறார்" என்று கிராணி வாசல் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னார்.

"எழுத வேணாம்னு சொல்லுங்கய்யா!" ரெங்கசாமி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான். "அது நோவு இல்ல. நேத்து என் மெசின் வெளிச்சத்தப் பாத்ததால வந்தது. நாளைக்கோ நாளன்னைக்கோ தானா ஆறிடும். ஒங்களுக்கும் அதான்யா."

கிராணி கைக்குட்டையைக் கண்ணிலிருந்து எடுத்தார். துரையிடம் இங்கிலீஷில் சொன்னார். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து இராமலிங்கத்தின் இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கிராணியின் கண்ணையும் பார்த்தார். என்னவோ கேட்டார்.

"உமக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறார்."

"பட்டறையில பாத்திருக்கேன்."

"நீர் அங்கை பத்தவைக்கிறவர்தானே? அப்ப பாக்கிற சனத்துக்குச் சொல்லவேணும் எண்டு தெரியாதோ எண்டு கேக்கிறார்."

இராமலிங்கம் முக்காலியில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தார். தலையைச் சத்தம் வந்த பக்கம் சாய்த்திருந்தார்.

"நான் பத்தவைக்கிறவன் இல்லய்யா. கைத்தாள். படுதாக் கட்டுவேன். குச்சி ஒரசறதுக்கு முன்னாடி ஜாகா மாத்தான்னு கூப்பிடுவேன். அதான் என் வேலை. பட்டறையில வேற வேலை நான் பாத்ததே இல்ல."

கிராணி மொழிபெயர்க்க மறந்துபோனார். "எட, அது நீரோ! அண்டைக்கு எங்கட காகிதமெல்லாம் விழுத்தினது..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சிரிப்பு வரவில்லை அவருக்கு. "அதுவே வேலையா இருந்த ஆள், நேற்று ஏன் காணும் கூப்பிடேல்லை?"

"வெக்கமா இருந்துச்சு."

கிராணி அதைத் துரையிடம் சொன்னார். துரைக்கு விளங்கவில்லை. என்ன வெட்கம், எதற்கு வெட்கம் என்று திரும்பத் திரும்பக் கேட்டார் போலிருக்கிறது. கிராணி கையை விரித்துவிட்டு, "அதை இங்கிலீசிலை சொல்லேலாது" என்று தமிழிலேயே சொன்னார்.

பரீட்சையை ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். வெளியே வந்ததும் ரெங்கசாமி பழையபடி மச்சானின் கையைப் பிடித்தான். இராமலிங்கம் கையை உருவிக்கொண்டார். ரயில் பாதையோரக் கம்பி வேலியைத் தடவித் தடவித் தானாக நடந்தார்.

"காவா வருது மச்சான்."

அவர் காலால் துழாவி, காவாயைக் கண்டுபிடித்து, தாண்டினார். ரெங்கசாமி பின்னாலேயே போனான்.

பவுனம்மாளிடம் அவனே சொன்னான். முழுக்கச் சொன்னான். அவள் கண்ணில் துணியோடு சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. அது போகட்டும். நீங்க கைத்தாளா இருந்தா நான் வேணாம்னா சொல்லப் போறேன்? படுதா காத்துக்குன்னீங்க. நான் கை குத்தக் குத்தத் தைச்சேன். மூடிக்கிறதுக்கு ஒண்ணுதான் இருந்துச்சு, அத நீங்க மாட்டிக்கிட்டீங்க. சரி. வாயிருந்துச்சே?"

அவன் அவள் கண்ணிலிருந்த துணியை வாங்கி நனைத்துக் கொடுத்தான்.

சனங்களுக்குக் கண் ஆறியது. கண் ஆறினதும் சேதியும் தெரிந்தது. யாரும் வந்து சண்டை போடவில்லை. இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். குழாயடியில் அவன் வந்தால் பேச்சு நின்றது. கொட்டகைக்கு ஒரு வேலை வரவில்லை. மாரியாயி மட்டும் வழக்கம்போல் அரிசியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். "உள்ள வா தங்கச்சி" என்றான். "அடுப்புல ஒலை கொதிக்குது அண்ணே" என்று போய்விட்டாள். அவள் அடுப்பு மூன்று காலில் நன்றாக நிற்கிறது என்று பவுனம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டான். அந்தக் குழம்பை அவனால் விழுங்க முடியவில்லை. பசி விடுகிறதா? விழுங்கினான்.

இராமலிங்கம் பரீட்சை தேறினார். அதையும் தெருவில் யாரோ பேசிக்கொண்டு போனதில்தான் ரெங்கசாமி கேட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பாசாருக்குச் சாமான் வாங்கப் போகிறவர்களும் வருகிறவர்களுமாகச் சந்து நிறைந்திருந்தது. ரெங்கசாமி கொட்டகையில் சும்மா உட்கார்ந்து கிளிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாசலில் நிழல் விழுந்தது. இராமலிங்கம் கையில் ஒரு மண்வெட்டியோடு நின்றார். அதன் காம்பு நுழைகிற காது விண்டிருந்தது.

"மச்சான்!" ரெங்கசாமி பதறி எழுந்தான்.

"இதப் பத்தவச்சுக் குடு" என்றார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

ரெங்கசாமி துருவைச் சுரண்டினான். கிளிப்பைக் கவ்வவைத்தான். படுதாவை நனைத்துக் கட்டினான். சந்துப் பக்கம் அது முழுக்க மறைக்கவில்லை, ஒரு பாகம் திறந்துதான் கிடந்தது. இராமலிங்கம் படுதாவுக்கு உள்பக்கம் வந்து, அன்றைக்கு நின்ற அதே இடத்தில், மெசினைப் பார்த்தபடி நின்றுகொண்டார். நகரவில்லை.

"திரும்பிக்குங்க மச்சான்" என்றான் ரெங்கசாமி மெல்ல.

"எனக்கு மட்டும் சொன்னா ஆச்சா? சந்துல போறவனுக்கு?"

ரெங்கசாமி வெளியே பார்த்தான். கூடையோடு பெண்கள், ஐஸ் வண்டிச் சீனர், மாட்டுவண்டியை ஓட்டி வருகிற மலாய்க்காரர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வல்லிபுரம் கிராணியும் வந்துகொண்டிருந்தார். குழாயடியில் குடத்தோடு பவுனம்மாள்.

"பட்டறையில எப்படிக் கூப்பிடுவ? அப்படிக் கூப்பிடு."

"மச்சான்..."

"கூப்பிடுறா."

கல்யாணமான நாளிலிருந்து மச்சான் அவனை டா போட்டதில்லை. ரெங்கசாமி வாயைத் திறந்தான். முதலில் காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தான்.

"ஜாகா மாத்தா!"

பழைய குரல். தகரம் அதிர்ந்தது. சந்து அப்படியே நின்றது. ஐஸ் வண்டிச் சீனர் சட்டென்று முகத்தைத் திருப்பினார். மலாய்க்காரர் மாட்டின் கண்ணைத் துண்டால் பொத்தினார். பெண்கள் பிள்ளைகளின் முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டார்கள். கிராணி சைக்கிளோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பவுனம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதுகைக் காட்டினாள்.

இராமலிங்கம் ஒருவர்தான் திரும்பவில்லை. அந்தக் கண்ணால் அவனை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். ரெங்கசாமி குச்சியை உரசாமல் காத்திருந்தான். முகமூடியையும் இறக்கவில்லை. தன் முகம் அவருக்கு முழுசாகத் தெரியட்டும் என்று நின்றான்.

"நல்ல குரல்டா ஒனக்கு" என்றார் இராமலிங்கம். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

ரெங்கசாமி இன்னொரு தரம் கூப்பிட்டுவிட்டுத்தான் முகமூடியை இறக்கினான், குச்சியை உரசினான்.